எண்ணெயும் நீரும்: பால்மம் பிரித்த கலையின் வரலாறு

எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பது சிறுவரும் அறிந்த செய்தி. ஒட்டாத உறவுக்கு உவமை கூற வேண்டின் தமிழ் மக்கள் இவ்விரண்டையுமே எடுத்துக் கூறுவர். ஆயினும் அதே எண்ணெயும் நீரும் சில வேளைகளில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, நாட்கணக்காகவும் மாதக்கணக்காகவும் பிரிய மறுக்கும் என்பது அத்துணைப் பரவலாக அறியப்பட்டதன்று. தேங்காய்ப்பால் அத்தகைய கலவை. பசுவின் பாலும் அத்தகையதே. நிலத்தின் ஆழத்திலிருந்து உப்பு நீரோடு கூடி வெளிவரும் மசகு எண்ணெயும், கப்பலின் அடித்தளத்தில் தேங்கும் கரிய கழிவு நீரும் அவ்வினத்தைச் சேர்ந்தவையே. ஒரு திரவம் நுண்துளிகளாகி மற்றொரு திரவத்தினுள் பரவி நிற்கும் இந்நிலையை இலங்கைப் பாடநூல்கள் குழம்பு எனவும், தமிழ்நாட்டு நூல்கள் பால்மம் எனவும் வழங்கும். கறிக் குழம்போடு மயங்காதிருத்தற் பொருட்டு இக்கட்டுரையில் பால்மம் என்னும் சொல்லே ஆளப்படுகின்றது.

பால்மத்தை ஆக்குவது எளிது, குலுக்கினாற் போதும். அதனை உடைப்பதே அரிது. துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து பெருந்துளியாகாதவாறு, அவற்றைச் சூழ ஏதோ ஒன்று தோல்போற் படிந்து நிற்கின்றது. அத்தோல் சில பால்மங்களில் சவர்க்காரம் போன்ற பொருளால் ஆயது. சிலவற்றிற் புரதத்தால் ஆயது. வேறு சிலவற்றில் களிமண், இரும்புத் துரு, சுண்ணம் முதலிய திண்மத் துகள்களால் ஆயது. துகளால் ஆய தோலே யாவற்றினும் வலியது. அதனை உடைக்க மனிதர் கண்ட வழிகளின் வரலாறு, அடுக்களையிலும் செக்கடியிலும் தொடங்கி, இங்கிலாந்தின் பழத்தோட்டத்தினூடும் அமெரிக்காவின் எண்ணெய் வயல்களினூடும் சென்று, கொழும்புத் துறைமுகத்தையும் புதுக்கடை நீதிமன்றத்தையும் வந்தடைகின்றது. உடைக்கும் மருந்து எது என்பதோடு, அம்மருந்தை இடவேண்டிய இடம் எது என்பதையும் அவ்வரலாறு கற்பிக்கின்றது.

இக்கலையின் முதல் ஆசிரியர்கள் பெண்களே. தேங்காய்ப்பாலை நெடுநேரம் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் முறை இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் தொன்றுதொட்டு வழங்கி வருவது. தேங்காய்ப்பாலிலுள்ள எண்ணெய்த் துளிகளைச் சூழ்ந்து புரதப் படலம் உண்டு. வெப்பம் அப்புரதத்தைத் திரியச் செய்கின்றது, நீர் ஆவியாகின்றது, புரதம் கக்கலாய் அடியிற் படிய, எண்ணெய் தெளிந்து மேலே நிற்கின்றது. அமிலமும் அவ்வாறே செய்யும். தேங்காய்ப்பாற் சொதியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே தேசிக்காய்ப் புளி விடவேண்டும் என்பது யாழ்ப்பாணத்து அடுக்களையில் எழுதாச் சட்டம். கொதிக்கும் சொதியிற் புளி விட்டாற் பால் திரைந்துபோகும். தேங்காய்ப்பாலின் புரதங்கள் பீ.எச். அளவு 4ஐ அண்மிக்கும்போது மின்னேற்றமும் கரைதிறனும் குன்றித் திரள்வன என்பது பின்வந்த இரசாயனர் கூறிய விளக்கம். சொதி திரையாதிருக்கக் கைக்கொண்ட எச்சரிக்கை, பால்மம் உடையும் விதியை அறிந்தோர் கைக்கொண்ட எச்சரிக்கையே.

செக்கடியில் நிகழ்வது இன்னும் நுட்பமானது. எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டும்போது இடையிடையே சிறிது நீர் தெளிப்பர், பனங்கட்டியும் இடுவர். எண்ணெய் வேண்டுவோர் நீர் சேர்ப்பது புதியவர்க்கு முரணாகத் தோன்றும். ஆனால் நீர் சேராவிடின் எண்ணெய் எள்மாவோடு குழைந்து களியாய் நிற்குமேயன்றி எளிதிற் பிரியாது. எள்ளின் உமியும் மாவும் எண்ணெயினும் நீரையே பெரிதும் விரும்புவன. அளவான நீர் கிடைத்தவுடன் அத்துகள்கள் நீரை ஏற்று, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு பிண்ணாக்காகின்றன; அவற்றாற் கைவிடப்பட்ட எண்ணெய் வெளியே வடிகின்றது. பனங்கட்டியின் பாகு அத்திரளுக்குப் பிசினாய் உதவுகின்றது. துகளை எண்ணெய்ப் பக்கத்திலிருந்து நீர்ப்பக்கத்துக்கு இழுத்தால் எண்ணெய் விடுபடும் என்னும் இக்கருத்தே, பின்னர் எண்ணெய் வயல்களிற் பெரும்பொருள் ஈட்டித் தந்த கருத்தாயிற்று. நீர் சற்று மிகுந்தால் எல்லாம் குழம்பிவிடும் என்பதையும் செக்காட்டுவோர் அறிந்திருந்தனர். அளவறிதலே இக்கலையின் உயிர்நிலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கொழும்பின் எண்ணெய்த் தொழில் செக்கிலிருந்து நீராவி இயந்திரத்துக்கு மாறியது. 1656ஆம் ஆண்டுக் கொழும்பு முற்றுகையில் மாண்ட ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்ட் என்பாரின் பெயரால் ஹல்ஸ்டொப் என அழைக்கப்பட்ட புதுக்கடைப் பகுதியில், நீராவியால் இயங்கும் தேங்காயெண்ணெய் ஆலை எழுந்தது. கொட்டாஞ்சேனைக்கும் துறைமுகத்துக்கும் அண்மையிலிருந்தமையால் ஏற்றுமதிக்கு அவ்விடம் வசதியாயிற்று. அவ்வாலைகள் கையாண்டது தேங்காய்ப்பாலை அன்று, கொப்பறாவை. புதிய தேங்காய்ப் பருப்பின் நிறையில் ஏறத்தாழப் பாதி நீராகும். அதனை வெயிலிலும் புகையிலும் உலர்த்தி நூற்றுக்கு ஆறு பங்கு ஈரமே எஞ்சும்படி செய்து பின்னர்ப் பிழிந்தால், எண்ணெய் தனியே வரும். பால்மம் உடைக்கும் தொல்லைக்கு இடமேயில்லை. பால்மம் தோன்றாமலே செய்தல் ஒரு வழி. தோன்றிய பின் உடைத்தல் மற்றொரு வழி. கொப்பறா ஆலை முதல் வழியை மேற்கொண்டது. ஆனால் நிலத்தடியிலிருந்து வரும் மசகு எண்ணெயை அவ்வாறு வெயிலிற் காயவைக்க இயலாது. அங்கு இரண்டாம் வழியே எஞ்சியது.

அவ்வழிக்கு வேண்டிய அறிவு எண்ணெய் வயலிற் பிறக்கவில்லை. முட்டையின் வெண்கருவைக் குலுக்கினால் அது மெல்லிய இழைகளாய் உறைவதை ஆராய்ந்து வந்த ஒக்ஸ்போட் அறிஞர் வோல்ட்டர் ராம்ஸ்டன், 1903இல் இலண்டன் வேத்தியற் சங்கத்தின் வெளியீட்டில் ஒரு கட்டுரை எழுதினார். திரவங்களின் மேற்பரப்பிலும், இரு திரவங்கள் சந்திக்கும் இடைமுகத்திலும் நுண்ணிய திண்மத் துகள்கள் தாமே வந்து குவிந்து உறுதியான படலமாகும் என்பதும், அப்படலம் குமிழிகளையும் துளிகளையும் நீண்டநாள் காக்கும் என்பதும் அவர் கண்டவை. துகள்களாற் காக்கப்படும் பால்மத்தை முதலில் விளக்கியவர் இவரே.

எனினும் இவ்வகைப் பால்மம் இன்று பிக்கரிங் என்பாரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஸ்பென்சர் பிக்கரிங், பெட்போட் கோமகனோடு சேர்ந்து இங்கிலாந்தின் வோபேர்ண் என்னுமிடத்தில் 1894இல் பழத்தோட்ட ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றை நிறுவிய இரசாயனர். மரங்களைப் பற்றும் பூச்சிகளைக் கொல்லப் பரபின் எண்ணெயை நீரிற் கலந்து தெளிக்கவேண்டியிருந்தது. சவர்க்காரம் இட்டுக் கலப்பதே அக்கால வழக்கம். பிக்கரிங் மயில்துத்தக் கரைசலிற் சுண்ணாம்பு சேர்த்தபோது தோன்றிய செம்பு வீழ்படிவும் எண்ணெயைத் துளிகளாக்கி நிறுத்தி வைப்பதைக் கண்டார். அவருடைய விரிவான கட்டுரை 1907இல் வெளிவந்தது. ராம்ஸ்டனின் முந்திய ஆய்வை அவர் மறைக்காது குறிப்பிட்டிருந்தும், பிற்காலத்தார் பிக்கரிங் பால்மம் என்றே பெயரிட்டனர். கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் வேறொருவர் என்னும் நிலை விஞ்ஞான வரலாற்றில் அரிதன்று. கல்லூரி மாணவர் ராம்ஸ்டனின் பெயரையும் உடன் அறிந்திருத்தல் முறையாகும்.

துகள் எந்தத் திரவத்தின் பக்கம் சாயும் என்னும் வினாவுக்கு விடை 1923இல் அமெரிக்காவில் வந்தது. பின்கிள், டிரேப்பர், ஹில்டெபிராண்ட் என்னும் மூவர், துகளை எத்திரவம் நன்கு நனைக்கின்றதோ அத்திரவமே பால்மத்தின் புறத்திரவமாகும் என நிறுவினர். களிமண்ணை நீர் நன்கு நனைக்கும். ஆதலால் அது நீரினுள் எண்ணெய்த் துளிகளை நிறுத்தும். புகைக்கரியை எண்ணெய் நன்கு நனைக்கும். ஆதலால் அது எண்ணெயினுள் நீர்த் துளிகளை நிறுத்தும். துகளும் இரு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் அமையும் தொடுகைக் கோணம் இச்சார்பை அளக்கும் கருவியாகும். கோணம் 90 பாகையை அண்மித்தாற் துகள் இரண்டு பக்கமும் ஒப்பச் சாய்ந்து இடைமுகத்தில் ஆழப் பதிந்து நிற்கும். கோணம் மிகச் சிறிதாயினும் மிகப் பெரிதாயினும் அது ஏதேனும் ஒரு திரவத்துள் எளிதாக இறங்கிவிடும்.

அப்பிடியின் வலிமையை ஓர் எளிய கணக்காற் காட்டலாம். 10 நனோமீற்றர் ஆரையுடைய கோளத்துகள் ஒன்று, மீற்றருக்கு 50 மில்லிநியூற்றன் இழுவிசையுடைய இடைமுகத்தில் 90 பாகைத் தொடுகைக் கோணத்தோடு அமர்ந்திருப்பதாகக் கொள்க. அதனைப் பிடுங்கியெடுக்க வேண்டிய ஆற்றல், சாதாரண வெப்பநிலையில் மூலக்கூறுகளின் வெப்ப அசைவாற்றலைப்போல் ஏறத்தாழ 3,800 மடங்காகும். ஆகவே அத்துகள் தானாக வெளியேறுதல் நடவாத காரியம். ஆரை இரு மடங்காயின் வேண்டும் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆனால் துகளின் அளவை மாற்றாமல் தொடுகைக் கோணத்தை மாத்திரம் 30 பாகையாகக் குறைத்தால் அந்த 3,800 என்னும் எண் ஏறத்தாழ 70 ஆகச் சுருங்கிவிடுகின்றது. இடைமுக இழுவிசையும் பாதியானால் அது 35 ஆகும். துகளின் மேற்பரப்பை நீர்ப்பற்றுடையதாகவோ எண்ணெய்ப்பற்றுடையதாகவோ ஒரு பக்கமாகச் சாய்த்துவிடின் அதன் பிடி தளரும். பின்னர்ச் சிறிது வெப்பமும் அசைவும் எஞ்சியதைச் செய்யும். பால்மம் உடைக்கும் இரசாயனப் பொருள்களிற் பெரும்பாலானவற்றின் தத்துவம் இதுவே. செக்கிற் தெளித்த நீர் செய்ததும் இதுவே.

ஆயினும் கொள்கை முழுமை பெறுமுன்னரே தொழில் முந்திக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க எண்ணெய் வயல்களில் மசகு எண்ணெயோடு உப்பு நீரும் பெருகி வந்தது. நீர் கலந்து களியாகிய எண்ணெயைக் குழாய்க் கொம்பனிகள் ஏற்க மறுத்தன. அதனை மண்குழிகளிற் தேக்கினர், எரித்தனர், வீணாக விட்டனர். கலிபோர்ணியாவில் பிரெடெரிக் கொட்ரல் என்னும் இரசாயனர் உயர் மின்னழுத்தத்தைச் செலுத்தி நீர்த்துளிகளை ஒன்றுசேர்க்கும் முறையைக் கண்டு, தம் கூட்டாளியோடு 1911இல் உரிமைப்பத்திரம் பெற்றார். சென் லூயிஸ் நகரைச் சேர்ந்த வில்லியம் பார்னிக்கல் இரசாயன வழியை நாடினார். 1914இல் அவர் பெற்ற உரிமைப்பத்திரம் இரும்புச் சல்பேற்றுக் கரைசலைப் பற்றியது. தமிழர் நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்னும் பெயரோடு விற்கப்பட்ட உப்பே அது. மயில்துத்தத்திலிருந்து பிறந்த துகள் பால்மத்தைக் காத்தது; அன்னபேதி பால்மத்தை உடைத்தது. இரண்டும் ஒரே கடையின் இரு பானைகளிலிருந்தவை என்பது எண்ணத்தக்கது.

பார்னிக்கல் விரைவிலேயே அன்னபேதியை விட்டுச் சவர்க்கார வகைகளுக்கு மாறினார். அடுத்த தலைமுறையில் சல்பூரிக்கமிலத்தால் மாற்றப்பட்ட ஆமணக்கெண்ணெய் இத்தொழிலுக்கு வந்தது. துருக்கிச் சிவப்பெண்ணெய் எனப் பெயர் பெற்ற அது, பருத்தி நூலுக்குச் செஞ்சாயம் ஏற்றும் சாயக்காரரிடம் முன்னரே பழகிய பொருள். சாயச்சாலையிலிருந்து எண்ணெய் வயலுக்கு அது சென்றது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எதிலீன் ஒட்சைட்டு, புரோப்பிலீன் ஒட்சைட்டு என்பவற்றிலிருந்து கட்டப்பட்ட பல்பகுதியங்களும், பீனோல் பிசின்களும் இடம்பெற்றன. ஒரு மூலக்கூறிலேயே நீர்ப்பற்றுள்ள பகுதியையும் எண்ணெய்ப்பற்றுள்ள பகுதியையும் வேண்டிய அளவிற் பொருத்தும் ஆற்றல் இவற்றால் வந்தது. பத்து இலட்சம் பங்கு எண்ணெய்க்கு ஆயிரம் பங்கு வரை மருந்து வேண்டிய நிலை மாறி, சில பத்துப் பங்குகளே போதும் என்னும் நிலை தோன்றியது.

துகளாற் காக்கப்படும் பால்மத்தில் இம்மருந்துகள் தொழிற்படும் முறை நான்காகும். முதலாவது, முற்கூறியவாறு துகளின் மேற்படிந்து அதன் நனையும் இயல்பை மாற்றுதல். இரண்டாவது, இடைமுகத்தில் தாமே விரைந்து குடியேறி இழுவிசையைக் குறைத்துத் துகளை இடம்பெயர்த்தல். மூன்றாவது, துகள்களை ஒன்றோடொன்று திரட்டிப் பெருங்கட்டிகளாக்கித் தம் பாரத்தாற் கீழிறங்கச் செய்தல். நான்காவது, துகளையே கரைத்துவிடுதல். சுண்ணக்கல்லின் தூளை அமிலம் கரைக்கும். இரும்புச் சல்பைட்டையும் கரைக்கும். ஆனால் இரும்புச் சல்பைட்டில் அமிலம் படும்போது ஐதரசன் சல்பைட்டு என்னும் கொடிய நச்சுவாயு எழும். ஆதலால் அவ்வழி பேராபத்துடையது. களிமண்ணோ மென்னமிலங்களுக்கு அசையாது. மசகு எண்ணெயிலுள்ள அசுபால்ற்றீன் என்னும் கரிய பொருள்கள் களிமண்ணின்மேற் படிந்து அதனைப் பாதி எண்ணெய்ப்பற்றுடையதாக்கும்போது தொடுகைக் கோணம் 90 பாகையை அண்மிக்கின்றது. அத்தகைய பால்மமே உடைப்பதற்கு மிகக் கடினமானது.

ஒரு மசகு எண்ணெய்க்கு ஏற்ற மருந்து மற்றொன்றுக்கு ஏற்காது. இதனாற் கொள்கை இவ்வளவு வளர்ந்த பின்னும் மருந்தைத் தெரிவுசெய்ய இன்றும் போத்தற் சோதனையே கையாளப்படுகின்றது. ஒரே பால்மத்தைப் பல போத்தல்களில் ஒத்த அளவாக ஊற்றி, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மருந்தையோ வெவ்வேறு அளவையோ இட்டு, ஒரே வகையாய்க் குலுக்கி, வெந்நீர்த் தொட்டியில் வைத்து, அடியிற் பிரியும் நீரின் அளவை நேரத்தோடு குறித்துக்கொள்வர். பிரிந்த நீர் தெளிவானதா, இடையில் அழுக்குப் படை தங்குகின்றதா என்பதும் நோக்கப்படும். மருந்து மிகுந்தால் நன்மை மிகும் என்று கருதுதல் தவறு. தேவைக்கு மேற்பட்ட மருந்து தானே புதிய தோலாகி, உடைந்த பால்மத்தை மீண்டும் கட்டிவிடும். செக்கடியில் நீர் மிகுந்தாற் கெடும் என்னும் பழைய அறிவு இங்கே மறுபடியும் தலைகாட்டுகின்றது.

இலங்கையில் மசகு எண்ணெய் வணிக முறையில் அகழப்படவில்லை. ஆனால் அதனைச் சுத்திகரிக்கும் தொழில் உண்டு. 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைந்தது. வெளிநாட்டு எண்ணெய்க் கொம்பனிகளின் உடைமைகள் அரசுடைமையானதைத் தொடர்ந்து 1963இல் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியதும் அக்கால அரசியல் வரலாற்றிற் பெரிதாகப் பேசப்பட்டது. 1969இல் கொழும்புக்கு அண்மையில் சப்புகஸ்கந்தவிற் சுத்திகரிப்பு நிலையம் இயங்கத் தொடங்கியது. ஈரானிய எண்ணெயைக் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்ட நிலையம் அது. மசகு எண்ணெயைக் காய்ச்சி வடிப்பதற்கு முன் அதிலுள்ள உப்பை நீக்கவேண்டும் என்பது எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் பொதுவான விதி. இல்லையேல் மகனீசியக் குளோரைட்டும் கல்சியக் குளோரைட்டும் உலையின் வெப்பத்திற் சிதைந்து ஐதரோகுளோரிக்கமிலத்தை விடுத்து இரும்பை அரித்துவிடும். உப்பை நீக்கும் முறை வியப்பானது: எண்ணெயைச் சூடாக்கி, அதனோடு வேண்டுமென்றே நன்னீர் சேர்த்துப் பால்மமாக்குவர், உப்பு அந்நீரிற் கரையும், பின்னர் மின்புலத்தாலும் உடைக்கும் மருந்தாலும் அப்பால்மத்தை உடைத்து நீரை வெளியேற்றுவர். கொட்ரலின் மின்சாரமும் பார்னிக்கலின் மருந்தும் ஒரே கலத்துள் கைகோத்து நிற்கும் இடம் இது.

எண்ணெயின் ஊர் மாறினாற் தோலும் மாறும் என்பதை முன்னர்க் கண்டோம். 2012இல் ஈரான்மீது விதிக்கப்பட்ட தடைகளின் பின் இலங்கை வேறு நாடுகளின் எண்ணெயை நாடவேண்டியதாயிற்று. 2021 நவம்பரில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் சுத்திகரிப்பு நிலையமே மூடப்பட்டது. 2022 மே மாதத்தில் இரசியாவின் சைபீரிய எண்ணெய் வந்து இறங்கியது. செய்தித்தாள் வாசிப்போர்க்கு இவை விலையும் வரிசையும் பற்றிய செய்திகள். இரசாயனர்க்கோ புதிய எண்ணெய் ஒவ்வொன்றும் புதிய சோதனை. அரசியலின் திருப்பங்கள் போத்தற் சோதனை வரை வந்து சேர்கின்றன.

துறைமுகத்திலும் இதே சிக்கல் உண்டு. கொழும்பின் முதலாம் அலைதடுப்பு அணைக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1885இல் அது நிறைவெய்தியது. அதன்பின் கொட்டாஞ்சேனைக் கரையிலிருந்து காணும் கடற்பரப்பு கீழ்த்திசைக் கப்பல்களின் பெருஞ்சந்தியாயிற்று. கப்பலின் அடித்தளத்தில் இயந்திர எண்ணெயும் கடல்நீரும் துருவும் தரை கழுவிய சவர்க்கார நீரும் ஒன்றுகூடித் தேங்கும். துருவின் துகளும் சவர்க்காரமும் சேர்ந்து காக்கும் அப்பால்மத்தை வெறும் படிவுத் தொட்டியாற் பிரித்தல் இயலாது. 1983இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கையின்படி, கடலிற் செல்லும் கப்பல் வெளியேற்றும் அடித்தள நீரில் பத்து இலட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இருத்தலாகாது. இலங்கையிலும் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கக் கடல் மாசடைதல் தடுப்புச் சட்டம் உண்டு. சட்டம் எண்ணைக் கூறும். அவ்வெண்ணை எய்துவிப்பது தோலை உடைக்கும் அறிவே.

அவ்வறிவை இடமறியாது பயன்படுத்தினால் வருவது யாது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. 1967 மார்ச் 18ஆம் நாள் ரொறி கன்யன் என்னும் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கே பாறையில் மோதியது. அதிலிருந்த குவைத்து மசகு எண்ணெய் ஏறத்தாழ 119,000 தொன். அலையில் அடிபட்ட எண்ணெய் கடல்நீரை ஏற்றுத் தடித்த கபிலநிறக் களியாயிற்று. அத்தகைய களியிற் பாதிக்கு மேல் நீராகவே இருக்கும். பிரித்தானியர் ஏறத்தாழப் பத்தாயிரம் தொன் கழுவுபொருளை அதன்மேற் தெளித்தனர். அப்பொருள் பால்மத்தை உடைப்பதற்கன்று. எண்ணெயை இன்னும் நுண்ணிய துளிகளாக்கிக் கடலிற் கலப்பதற்கே உதவியது. கரையோரத்துச் சிப்பிகளுக்கும் பாசிகளுக்கும் எண்ணெயினும் அக்கழுவுபொருளே பெருங்கேடு விளைத்தது எனப் பின்னர் ஆய்வாளர் முடிவு செய்தனர். பிரான்சு நாட்டார் சுண்ணத் தூளைத் தூவி எண்ணெயைக் கடலடியில் ஆழ்த்தினர். கண்ணிலிருந்து மறைதல் வேறு, பிரிதல் வேறு என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது.

தமிழ் மக்களுக்கு இன்னும் அண்மையான சான்று சுன்னாகம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறுகள் இல்லை. மக்களின் குடிநீரும் தோட்டத்து நீரும் சுண்ணக்கல்லின் துளைகளிற் தேங்கிய மழைநீரே. சுன்னாகத்துச் சுற்றாடலிற் கிணறுகளில் எண்ணெய் மிதக்கக் கண்ட மக்கள் 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீதியில் இறங்கினர். அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2019 ஏப்ரல் 4ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பில், அப்பகுதி நிலத்தடி நீர் மாசடைந்தமைக்கு அங்கு இயங்கிய அனல் மின் நிலையத்தின் செயற்பாடு கணிசமான அளவில் காரணம் எனக் கண்ட நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவைச் செலுத்தவேண்டும் என்னும் கொள்கையைக் கைக்கொண்டு, பாதிக்கப்பட்டோர்க்கு 2 கோடி ரூபாய் வழங்குமாறு பணித்தது. ஒரு காலத்திற் தேங்காயெண்ணெய் ஆலை இயங்கிய அதே புதுக்கடைப் பகுதியிலேயே எண்ணெய் கலந்த நீரின் வழக்கும் தீர்க்கப்பட்டது.

அத்தீர்ப்பு நீதியை வழங்கியது. நீரைப் பிரித்துக் கொடுக்க அதனால் இயலாது. கலத்துள் அடைபட்ட பால்மத்துக்கு வெப்பமூட்டலாம், மின்சாரம் செலுத்தலாம், மருந்திடலாம். கிணற்று நீருக்கு அவற்றுள் எதனைச் செய்தல் கூடும்? குடிக்கும் நீரில் உடைக்கும் மருந்தை ஊற்றுவோர் இல்லை. சுண்ணக்கல்லின் புழைகளுட் புகுந்த எண்ணெயைத் திரட்டிக் கொணரும் பாத்திரமும் இல்லை. ஆகையால், நூறாண்டுக்கு மேலாக வளர்ந்த இக்கலை முழுவதும் வாய்க்காலின் வாயிலுக்கு இப்பாலேயே பயன்தரும். கழிவு நீர் ஆலையின் வேலியைக் கடந்தபின் அது கையறு நிலையை அடைகின்றது. துகளும் சவர்க்காரமும் எண்ணெயும் சேருமுன் அவற்றைத் தனித்தனி வழியிற் செலுத்துதல் முதலாவது காப்பு. சேர்ந்தபின் கலத்தினுள்ளேயே உடைத்தல் இரண்டாவது காப்பு. மூன்றாவது காப்பு என ஒன்று இல்லை.

நகரின் வடிகால் நீரைக் கடலுக்குக் கொண்டு செல்லும் வெள்ளவத்தைக் கால்வாயைக் கடப்போர், அந்நீரின்மேல் வானவிற் போல் விரியும் எண்ணெய்ப் படலத்தைக் காணக்கூடும். கண்ணுக்குத் தெரியும் படலத்தை வழித்தெடுக்கலாம். படலத்தின் அடியில், சேற்றுத் துகளைப் போர்த்துக்கொண்டு காணாமற் கரந்து நிற்கும் துளிகளே எஞ்சிய கேடு. அவற்றை ஆராயும் பணி வருங்காலத்து இரசாயன மாணவர்க்குரியது. அதற்கு வேண்டிய முதற் பாடம் தொலைவில் இல்லை. அடுப்பை விட்டு இறக்கிய பின்னரே புளி விடவேண்டும் என்று சொல்லித் தந்த தாய்மாரும், நீரை அளந்து தெளித்த செக்கடி முதியோரும், ராம்ஸ்டனும் பிக்கரிங்கும் கற்பித்தவை ஒன்றே: காலமும் அளவும் இடமும் அறிந்து இடுவதே மருந்து, அவை தவறின் மருந்தும் மாசாகும்.